சித்திரை பிறந்தும் காட்டுச்சேவல் கூவவில்லை. இருக்கிறதா, போய்விட்டதா?

பால்வெட்டுக்காரன் (சுருளகோடு):

எனக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. சுருளகோட்டுக்கு மேலே, காட்டு எல்லைக்கல்லை ஒட்டிய ஒரு விளையில் (ரப்பர் தோட்டத்தில்) 310 மரம் என் பொறுப்பு. ஒன்று விட்டு ஒரு நாள் வெட்டு. காலை நாலு மணிக்கு ரோட்டோர முதல் மரத்தில் கத்தி வைத்தால், ஓடைக்கரை மூங்கில் கூட்டத்துக்கு வரும்போது 170, 180 மரம் முடிந்திருக்கும். அந்த நேரத்துக்கு மூங்கிலுக்குள் இருந்து காட்டுச்சேவல் கூவும். 5.40-க்கு முன்னால் கூவியதில்லை, மழை நாள் தவிர 5.50 தாண்டியதும் இல்லை. சேவல் கூவும்போது நான் இன்னும் 150-ஆவது மரத்திலேயே நின்றால், இன்றைக்குப் பிந்திவிட்டோம் என்று அர்த்தம். கையில் வாட்ச் கட்டுவதை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. "கோழிக்குத்தான் வாட்ச் கட்டி விட்டிருக்கிறீர்களே" என்பாள் வீட்டுக்காரி.

ஒன்பது வருடமும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. தேதி, முதல் கூவல் நேரம், எத்தனை சேவல், எந்தப் பக்கம், அவ்வளவுதான். போன வருடம் சித்திரை மூன்றாம் தேதிக்கு எதிரே இப்படி இருக்கிறது: "5.43. மூங்கில் 1, எல்லைக்கல் இலவமரம் 1, ஓடைக்கு அக்கரை தூரத்தில் 1."

இந்த வருடம் இலை உதிர்ந்து தளிர் விட்ட பிறகு மறுபடி வெட்டு தொடங்கி இருபது நாள் ஆயிற்று. பத்து வெட்டு. பத்தில் இரண்டே நாள்தான் கூவல் கேட்டேன், அதுவும் அக்கரையில், ஒரே ஒரு தடவை. மூங்கில் பக்கம் சுத்தமாகச் சத்தம் இல்லை. குக்குறுவான் கத்துகிறது, செம்போத்து ஊம் ஊம் என்கிறது, மயில் கூடக் கீழே எங்கேயோ அகவுகிறது. இவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

மகள் நாகர்கோவிலில் விலங்கியல் படிக்கிறாள். "அப்பா, அந்தக் கூவலை ரெக்கார்ட் பண்ணித் தாங்க, புராஜெக்டில் சேர்க்கிறேன்" என்று கேட்டாள். அதற்காகவே வெட்டு இல்லாத நாளிலும் மூன்று தடவை விடியுமுன் போய் மூங்கிலுக்கு நேர் கீழே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொசுதான் பதிவானது.

போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாறியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். மார்கழியில் விளைக்காரர் மெஷின் வைத்து அடிக்காட்டை எல்லாம் வழித்து எடுத்துவிட்டார், ஓடைக்கரையில் ஒரு துண்டுதான் மிச்சம். பக்கத்து விளையில் தேன்பெட்டி ஐம்பது, அறுபது இருக்கும், அதற்குக் காவலாக ஒரு நாய். என் பழைய ஹெட்லைட் பழுதாகி மாசியில் புதிது வாங்கினேன், இங்கிருந்து அடித்தால் எல்லைக்கல் பட்டப்பகல் மாதிரி தெரியும், அதனால் வேலை என்னவோ சுளுவாகத்தான் நடக்கிறது. அப்புறம் பங்குனி கடைசியில் பத்து நாள் சாயங்கால மழை.

கேள்வி இதுதான். கோழி இடம் மாறிப் போய்விட்டதா, இல்லை இருந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் கூவலைப் போட்டுப் பார்க்கலாமா?

---

கோட்டாறு ரைடர்:

அண்ணே, ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி மூங்கில் அடியில் வையுங்க. நெட்டில் கூவல் சத்தம் நிறைய கிடக்கு. சத்தமா போட்டால் அடுத்த நிமிஷம் சண்டைக்கு வந்து நிற்கும். நான் காளிகேசம் போகிற வழியில் அப்படித்தான் வீடியோ எடுத்தேன். செம்ம வியூஸ்.

---

பழைய வாச்சர்:

தம்பி ரைடர், நீ செய்தது உனக்கு விளையாட்டு. அந்தச் சேவலுக்கு அது தன் எல்லைக்குள் இன்னொருத்தன் புகுந்த மாதிரி. மேய்ச்சலை விடும், பெட்டையை விடும், சண்டைக்கு ஆள் தேடி வெட்டவெளிக்கு வரும். மேலே பருந்து சுற்றினால் கதை முடிந்தது. குஞ்சு பொரிக்கிற காலத்தில் இதைச் செய்யவே கூடாது. காட்டுக்கோழி பிடிக்கிறவர்கள் பழக்கின சேவலைக் கட்டி வைத்துக் கூவ விடுவதும் இதே வித்தைதான். அவன் கண்ணி வைத்தான், நீ கேமரா வைத்தாய்.

சுருளகோட்டுத் தம்பிக்கு: முதலில் கண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வேலை பார்த்த காலத்தில் நான் எத்தனையோ அறுத்து எடுத்திருக்கிறேன். குச்சியும் முள்ளுமாக முழங்கால் உயரத்துக்குக்கூட வராத ஒரு குட்டி வேலி ஓடும். நடுவில் கோழி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருப்பார்கள். கோழி சோம்பேறி, பறந்து தாண்டாது, சந்தைத் தேடி நடக்கும். அங்கேதான் நைலான் சுருக்கு. கண்ணில் பட்டால் தொடாமல் போட்டோ எடுத்து ரேஞ்ச் ஆபீசில் சொல்லுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டுக்கோழியைப் பிடிப்பதே குற்றம்தான். "எங்க விளைக்குள்ள வந்தது" என்ற சமாதானம் எல்லாம் செல்லாது.

கண்ணி இல்லை என்றால் பயப்படாதீர்கள். கூவாத கோழி எல்லாம் செத்த கோழி இல்லை.

---

தக்கலை டீச்சர்:

நோட்டைப் பத்திரமாக வையுங்கள் சார். ஒரே இடத்தில், ஒரே ஆள், ஒரே நேரத்தில் ஒன்பது வருடம் எழுதியது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு இடம், அடுத்த வாரம் இன்னொரு இடம் என்று பைனாகுலரோடு அலைகிறவர்கள். எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது.

எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். உங்கள் கோழி சாம்பல் காட்டுக்கோழி. அது தீபகற்ப இந்தியாவில் மட்டும்தான் இருக்கிறது, வடக்கே இருப்பது செங்காட்டுக்கோழி. நம் மலையில் மாசி முதல் வைகாசி வரை இணை சேர்ந்து முட்டையிடும் காலம். அதனால்தான் இந்த மாதங்களில் கூவல் அதிகம். ஆனி, ஆடி வாக்கில் சேவல் தன் கழுத்து இறகை உதிர்த்து மங்கலான இறகுக்கு மாறும். புள்ளிப் புள்ளியாக மெழுகு உருக்கி விட்டாற்போல இருக்கிறதே, உதிர்வது அந்த இறகுதான். அப்போது கூவலும் அடங்கிவிடும். இப்போது சித்திரைதானே, அந்த அடக்கத்துக்கு நாள் இருக்கிறது. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது.

நான் முதலில் சந்தேகப்படுவது அடிக்காட்டை வழித்ததைத்தான். கூடு தரையில், புதர் அடியில், சருகைக் கொஞ்சம் பள்ளமாக்கி இருக்கும். நாலிலிருந்து ஏழு முட்டை, மூன்று வாரம் அடைகாப்பு. பெட்டை மட்டும்தான் உட்காரும். மறைவு போய்விட்டால் பெட்டை உள்ளே நகரும். பெட்டை போன இடத்துக்குத்தானே சேவலும் போகும்? ஆனால் நீங்களே ஓடைக்கரையில் ஒரு துண்டு மிச்சம் என்கிறீர்கள். கோழி அதற்குள் ஒடுங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

மூன்று கேள்வி. ஒன்று, மூங்கில் மேல் கழுகு, பருந்து ஏதாவது புதிதாகக் கூடு கட்டியிருக்கிறதா? இரண்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் என்றைக்காவது நின்று கேட்டீர்களா? அடையப் போகும் முன்பும் கூவும். மூன்று, தரையில் கிளறல் இருக்கிறதா? சருகு ஒதுங்கி ஈரமண் தெரிகிற மாதிரி, கைப்பிடி அகலத்துக்கு, ஒன்றையொன்று தொட்டு வரிசையாக இருக்கும். பன்றி கிளறினால் குழியே விழும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கோழிக்குச் செங்காட்டுக்கோழிதான் மூதாதை என்று படித்திருப்பீர்கள். ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்கான மரபணு நம்ம சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் முற்றத்தில் மஞ்சள் காலோடு ஒரு பெட்டை மேய்ந்தால், அதற்கு அந்த மூங்கிலுக்குள் சொந்தக்காரர் இருக்கிறார்.

---

தேன்பெட்டி (மார்த்தாண்டம்):

எல்லாப் பழியும் கடைசியில் தேனீ மேல்தான் வரும் என்று தெரியும், அதனால் முந்திக்கொள்கிறேன். ரப்பர் தளிர் விடும்போது இலைக்காம்பில் ஊறும் தேனுக்காக மாசி, பங்குனியில் பெட்டி வைக்கிறோம். தளிர் முற்றினால் தேன் நின்றுவிடும், பெட்டியையும் எடுத்துவிடுவோம். ஈக்கும் கோழிக்கும் பகை இல்லை. பெட்டிக்கு அடியில் செத்து விழும் ஈயைக் கோழி பொறுக்கித் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். நாய் விஷயம் வேறு. நாயை இரவில் அவிழ்த்து விட்டிருந்தால் அது தப்புதான். அந்த ஆளிடம் நேரில் சொல்லுங்கள், நம்ம ஆட்கள் கேட்பார்கள்.

---

குழித்துறை நர்ஸ் (இப்போது மிசோரி):

அண்ணே, நைட் டூட்டி முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். எனக்குக் காட்டுக்கோழி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாயே திறக்காத ஒரு பறவைக்காக இருட்டில் உட்கார்ந்து, இருக்கா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்வது பற்றிக் கொஞ்சம் தெரியும். நான் சொல்லப்போவது வான்கோழி.

இங்கே அமெரிக்காவில், மிசோரி மாநிலத்தில், காட்டு வான்கோழி வேட்டைக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள். இளவேனிலில், ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். ஆண் பறவை, அல்லது நெஞ்சில் தாடி மாதிரி முடிக்கற்றை தொங்குகிற பறவை மட்டும்தான். ஊரில் இதற்கெல்லாம் இடமில்லை, இருக்கவும் வேண்டாம். அதனால் நான் சொல்வதில் துப்பாக்கியைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நானும் துப்பாக்கி தொட்டதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, தனியாக அனுப்ப அவர் மனைவிக்குப் பயம். லீவு கிடைத்தால் கூடப் போவேன்.

முதல் தடவை ஊரிலிருந்து கொண்டுவந்த நீலச் சால்வையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். தாத்தா வண்டியை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. "கழற்றி வை" என்றார். ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கலந்த நிறம். புதருக்குள் அந்த நிறம் அசைந்தால் வேறொரு வேட்டைக்காரன் அவசரப்பட்டுச் சுட்டுவிடுவான். அந்த மூன்று நிறமும் உடம்பில் எங்கும் இருக்கக் கூடாது. உள்ளே போட்ட பனியனின் வெள்ளைக்காலர் வரை பார்த்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆண் வான்கோழி இரவு மரத்தில் அடையும். விடியும்போது மரத்தில் இருந்தபடியே களகளவென்று கத்தும். ஒரு மைல் தூரம் கேட்கும். அதைக் கேட்டுத்தான் இடம் கண்டுபிடிப்பார்கள். கத்தாவிட்டால் தாத்தா வாயைக் குவித்து ஆந்தை மாதிரி அலறுவார். அதைக் கேட்டதும் பறவை தன்னை அறியாமல் பதில் கொடுத்துவிடும். ஏன் என்று கேட்டால், "உன் காதுக்குப் பக்கத்தில் தட்டு விழுந்தால் நீ கத்த மாட்டாயா" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சீசன் ஆந்தைக்கும் மசியவில்லை. நாலு நாள் போனோம், நாலு நாளும் நிசப்தம். நான் கூட, "தாத்தா, எல்லாவற்றையும் நரி தின்றுவிட்டது" என்றேன். அவர் சொன்ன காரணங்களை அப்படியே சொல்கிறேன்.

பெட்டைகள் சுற்றி நிற்கும்போது ஆண் கத்தாது. கத்துவதே பெட்டையைக் கூப்பிடத்தான். ஆள் பக்கத்திலேயே நின்றால் யாரைக் கூப்பிட? பெட்டைகள் ஒவ்வொன்றாக அடைக்குப் போனதும் (வான்கோழிக்கு 28 நாள்) ஆணுக்குத் தனிமை வந்துவிடும், அப்போது மறுபடி கத்தத் தொடங்கும். அதனால் காலையில் பெட்டையோடு இறங்கி நடந்த ஆண் ஒன்பது, பத்து மணிக்குத் திடீரென்று கத்தும். விடியலில் சத்தம் இல்லை என்று எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு.

அடுத்தது காற்றும் மழையும். அது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, மனிதத் தொந்தரவு. இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள். காட்டில் தானாகப் பதிவு செய்யும் ரெக்கார்டர்களைக் கட்டி வைத்துக் கேட்டதில், வேட்டைக்காலம் தொடங்கியதும் கத்தல் குறைந்துவிட்டது. பறவை அப்படியே காட்டில்தான் இருக்கிறது, வாயைத்தான் மூடிக்கொண்டது. தாத்தாவுக்கு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது, ஆனால் அடைமரத்துக்கு நேர் கீழே ஒருநாளும் நடக்க மாட்டார். டார்ச் அடிக்கவும் விட மாட்டார். "அது தூங்குகிற ரூமில் போய் லைட் போட்டுவிட்டு, எழுந்து பாடு என்றால் பாடுமா?"

அண்ணே, உங்கள் பதிவை இரண்டாவது தடவை படித்தபோது அந்தப் புது ஹெட்லைட்தான் கண்ணைக் குத்தியது. பட்டப்பகல் மாதிரி தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது போதாதென்று மூன்று நாள் மூங்கிலுக்கு நேர் கீழே போய் நின்றிருக்கிறீர்கள். நான் கோழியாக இருந்தால் நானும் கூவ மாட்டேன்.

அந்த வருடம் தாத்தா செய்தது: காலை விட்டுவிட்டு மத்தியானம் போனார். எச்சத்தைப் பார்த்தார். ஆணின் எச்சம் தூண்டில் முள் மாதிரி வளைந்து கிடக்கும், பெட்டையுடையது சுருண்டு கிடக்கும். கிளறல் பார்த்தார், மண் குளியல் போட்ட பள்ளம் பார்த்தார். மறுநாள் அடைமரத்துக்குப் போகாமல், அவை மேய வரும் வழியில் ஒரு பெரிய ஓக் மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். அப்படியே இரண்டரை மணி நேரம். எனக்குக் கால் மரத்து, பிறகு இடுப்பு மரத்து, கடைசியில் எல்லாம் மரத்துவிட்டது. போகலாம் என்று நான் நினைத்த பிறகு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காது கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் ஒரு அதிர்வு. தூரத்தில் யாரோ புல்லட்டை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தின மாதிரி, ம்ம்ம் என்று. ஆண் வான்கோழி வாலை விரித்து நிற்கும்போது கொடுக்கும் சத்தம், கிட்டே இருந்தால் மட்டுமே கேட்கும். அத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நாங்கள் பெரிய சத்தத்துக்காகக் காத்திருந்ததில் சின்னச் சத்தம் காதில் ஏறவில்லை.

அன்றைக்குத் தாத்தா சுடவில்லை. பெட்டை குறுக்கே நின்றது. திரும்பி வரும்போது அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை, ஆனால் வண்டியில் ரேடியோவை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தார்.

---

பால்வெட்டுக்காரன் (சுருளகோடு):

எல்லோருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

வாச்சர் அண்ணாச்சி, நேற்று மத்தியானம் ஓடைக்கரை முழுக்க நடந்தேன். கண்ணி இல்லை. பழைய நைலான் துண்டு ஒன்று வேரில் சுற்றிக் கிடந்தது, அது கயிறாகவும் இருக்கலாம். எடுத்து வந்துவிட்டேன்.

டீச்சர், கழுகுக் கூடு எதுவும் கண்ணில் படவில்லை. சாயங்காலம் இதுவரை நின்றதில்லை, அந்த நேரம் பால் ஷீட் அடிக்கிற வேலை இருக்கும். கிளறல் இருக்கிறது! மூங்கில் அடியில் இல்லை, ஓடைக்கு இந்தப் பக்கம் வழிக்காமல் விட்ட துண்டில், அயனி மரத்தடியில். நீங்கள் சொன்ன அதே கைப்பிடி அகலம், ஏழெட்டு. மண் இன்னும் காயவில்லை.

தங்கச்சி, ஹெட்லைட் கதையைப் படித்துவிட்டு வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு ஓடைக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். இருபது நாளாக அதன் முகத்தில் லைட் அடித்துவிட்டு, அது கூவவில்லை என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன். நாளையிலிருந்து வெட்டு வரிசையை மாற்றப் போகிறேன். ரோட்டுப் பக்க மரங்களையும் மேல்வரிசையையும் முதலில் முடித்து, மூங்கில் பக்கத்து நாற்பது மரத்தைக் கடைசியில், வெளுத்த பிறகு வைத்துக்கொள்கிறேன். பால் கொஞ்சம் குறையும், வெயில் ஏறினால் வடியாது. நாற்பது மரம்தானே.

தேன்பெட்டிக்காரர் கோபிக்க வேண்டாம். உங்கள் ஆளிடம் பேசினேன். நாயைக் கட்டுவதாகச் சொன்னார், அரைப்போத்தல் தேனும் தந்தார்.

---

தக்கலை டீச்சர்:

வரிசையை மாற்றுகிற தேதியை நோட்டில் குறித்து வையுங்கள். நாயைக் கட்டிய தேதியையும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் எதனால் பலன் என்று சொல்ல முடியாது, ஆனாலும் குறியுங்கள்.

---

பால்வெட்டுக்காரன் (சுருளகோடு):

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். வெட்டு இல்லாத மூன்று காலை போய் உட்கார்ந்தேன். லைட் இல்லை. அயனி மரத்துக்கு இருபது அடி தள்ளி ஒரு பாறை, அதில் முதுகை வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரி கட்டன் சாயா பிளாஸ்கில் ஊற்றித் தந்தாள், மூடியைத் திறக்கிற சத்தத்துக்குப் பயந்து குடிக்கவே இல்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. அட்டை இரண்டு.

இரண்டாம் நாள் 5.50 இருக்கும். மூங்கில் உச்சியில் பட பட பட என்று இறக்கை அடிக்கிற சத்தம். கூவுவதற்கு முன்னால் அடிக்குமே, அதே அடி. மூச்சைப் பிடித்தேன். கூவவில்லை. அடித்துவிட்டு அப்படியே நிறுத்திவிட்டது. பேச வாயெடுத்து, வேண்டாம் என்று விட்ட ஆள் மாதிரி. கொஞ்ச நேரத்தில் தொப் தொப் என்று மூன்று தடவை தரையில் ஏதோ விழுந்தது. அப்புறம் சருகுச் சத்தம். நான் முதலில் கீரி என்று நினைத்தேன். ஆனால் கீரி ஓடும், இது நின்று நின்று வந்தது. சர்க், சர்க். நிறுத்தம். ஒரு எட்டு பின்னால். சர்க், சர்க். முதல் நாள் மழை பெய்து சருகு நனைந்திருந்தால் இதுவும் கேட்டிருக்காது. ரப்பர் சருகு காய்ந்தால் அப்பளம், நனைந்தால் துணி.

முதலில் பெட்டை வந்தது. பழுப்பு, நெஞ்சு மட்டும் வெள்ளையில் மீன் செதில் போட்ட மாதிரி. பின்னால் இன்னொரு பெட்டை. அவற்றுக்குப் பின்னால், நம்ம ஆள். ஒன்பது வருடமாகக் குரலைத்தான் தெரியும், இத்தனை கிட்டே முகம் பார்த்ததில்லை. கழுத்தில் புள்ளி ஒவ்வொன்றும் மஞ்சள் மெழுகு சொட்டினதுதான், டீச்சர் சொன்னது சரி. வால் கறுப்பு, திரும்பும்போது ஊதா அடிக்கிறது. கரையானோ என்னவோ ஒன்றைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, குக் குக் குக் என்று தொண்டைக்குள்ளேயே கூப்பிட்டது. ஒரு பெட்டை வந்து அதைத் தின்றது. சேவல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. அரை மணி நேரம் இதே பிழைப்பு. கூவல் கிடையாது. தங்கச்சி சொன்னது சரிதான், பக்கத்திலேயே நிற்கிறவளை எதற்குக் கத்திக் கூப்பிட வேண்டும்?

மூன்றாம் நாள் ஒரு பெட்டைதான் கூட வந்தது. அதுவும் கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, வழிக்காத துண்டுக்குள் ஒரே நூல் பிடித்த மாதிரி போய் மறைந்தது. நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை, போகவும் மாட்டேன். சேவல் தனியாக நின்றது. இரண்டு எட்டு வைத்தது, நின்றது. கீழே சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் ஏறியது. இறக்கையை அடித்தது. கூவியது.

நேரம் 6.48. வெயில் வந்துவிட்டது. இந்த நேரத்தில் நான் எப்போதும் கடைசி மரத்தை முடித்து, சிரட்டையில் இருந்து பால் எடுக்கப் போகுமுன் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன், ரோட்டோரத்தில்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். க்யா க்யாக் க்யாக் என்று நமக்குக் கேட்கிறதே, அது முடிந்ததும் கூவல் முடியவில்லை. கழுத்தை இறக்கிக்கொண்டு, மெதுவாக, க்யுக்குன், க்யுக்குன் என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. நூறடி தள்ளி நின்றால் கேட்காது. நோட்டில் எழுதின அத்தனை கூவலுக்கும் பின்னால் இது இருந்திருக்கும், நான் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

போனில் பதிவு பண்ணினேன். சருகுச் சத்தம் அருமையாக விழுந்திருக்கிறது. கூவல் விழும் நேரம் பார்த்துக் கீழே ரோட்டில் மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான். மகள் வேண்டாம் என்கிறாள்.

நோட்டில் எழுதியது: "சித்திரை 19. 6.48. அயனி மரத்தடி 1. லைட் இல்லை. நாய் கட்டியிருக்கு." அக்கரைச் சேவலும் இலவமரத்துச் சேவலும் இன்னும் வரவில்லை. அக்கரைக்கு என் லைட் எட்டாது, அதனால் அங்கே வேறு காரணம்.

---

கோட்டாறு ரைடர்:

அண்ணே, அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். சத்தியமா வாச்சர் அண்ணாச்சிக்குப் பயந்து இல்லை.

---

குழித்துறை நர்ஸ் (இப்போது மிசோரி):

ஹாரனோடு அப்படியே அனுப்புங்கள் அண்ணே, வெட்ட வேண்டாம். மீன் வண்டி ஹாரன் கேட்டே பல வருடம் ஆயிற்று. தாத்தாவுக்கும் போட்டுக் காட்டுகிறேன், சருகுச் சத்தத்தை வைத்து எத்தனை கோழி என்று சொல்கிறாரா பார்ப்போம்.